தபானுசு

“உன் புருசன் என் மாட்டுக் கொட்டாயில எவளுக்கோ காத்துக்கிட்டுக் கெடக்கான்” என்று சொல்லிக்கொண்டே வீரம்மா பால் செம்பைத் தரையில் வைத்தாள்.

மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்த மங்களம் தலை நிமிராமல், “எவளுக்குன்னு கேட்டீங்களா அண்ணி?” என்றாள்.

“கேக்காம இருப்பேனா? ‘மூணு கோட்டுக்காரி இன்னும் வரல அக்கா, முக்காட்டுக்காரி மட்டும் வந்துட்டுப் போயிட்டா’ங்கிறான். கூடப் பொறந்தவகிட்ட சொல்றோமேன்னு ஒரு வெக்கம் வேணாம்?”

மங்களத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலியாணமாகி வந்த புதிதில் அவளும் இதே பேர்களைக் கேட்டுவிட்டு ஒரு நாள் பூராவும் சோறு தின்னாமல் கிடந்தவள்தான்.

“அதெல்லாம் ஈ அண்ணி. பிக்காட்.”

“ஈக்கா இந்தப் பாடு?”

ஈக்குத்தான். மாட்டின் முதுகில் வந்து உட்கார்ந்து, தோலைக் கீறி, வழியும் இரத்தத்தைக் குடிக்கும் பெரிய ஈ. மலாய்க்காரர்கள் அதைப் பிக்காட் என்பார்கள். அந்தத் தோட்டத்துத் தமிழர்களும் பிக்காட் என்றேதான் சொன்னார்கள். வேறு பேர் அவர்களுக்குத் தெரியாது.

மங்களத்தின் புருசன் பத்துமலை, ரப்பர் வெட்டுகிறவரின் மகன். ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் படித்து, மிருக வைத்திய ஆபீசில் ஒரு துரைக்கு உதவியாளனாகச் சேர்ந்தவன். எருமைகளையும் குதிரைகளையும் இளைக்க வைத்துக் கொல்லும் சர்ரா என்ற காய்ச்சலை எந்தப் பிக்காட் பரப்புகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்தத் துரையின் வேலை. ஜப்பான்காரன் வந்தான், துரை போன இடம் தெரியவில்லை. போகும்போது தன் துருத்திக் கேமராவையும் ஒரு பெட்டி பிலிமையும் படம் கழுவும் மருந்துகளையும் பத்துமலையிடம் விட்டுப் போயிருந்தார். அவன் சுண்ணாம்புமலை அடிவாரத்தில் இருந்த பழைய தோட்டத்துக்கே, பிறந்த லயத்து வரிசை வீட்டுக்கே, திரும்பி வந்தான். பால் வெட்ட ஆள் இல்லாத ரப்பர் காட்டில் எல்லோரும் கிழங்கு நட்டார்கள். அவனும் நட்டான். ஆனால் பொழுது கிடைத்தால் கேமராவை எடுத்துக்கொண்டு அக்காவின் மாடுகளிடம் போய்விடுவான்.

“ஈயைப் புடிச்சு ஊசியில குத்தி வெச்சாப் போதாதா? எதுக்கு மாமா போட்டோ?” என்று மங்களம் ஒரு முறை கேட்டாள்.

“கண்ணுக்காக. உயிரோட இருக்கும்போது பிக்காட் கண்ணு பச்சையா மினுங்கும். அதுல குறுக்கே கோடு ஓடும். ஒரு ஜாதிக்கு ஒரு கோடு, இன்னொரு ஜாதிக்கு மூணு, சிலதுக்குக் கோடே இருக்காது. செத்துக் காஞ்சுதுன்னா கோடு மங்கி எல்லாம் ஒரே பழுப்பு. அப்புறம் அக்காவையும் தங்கச்சியையும் எப்படிப் பிரிக்கிறது?”

அதிலிருந்து அவளும் படம் பார்க்கப் பழகிக்கொண்டாள். இரண்டு கண்ணுக்கும் நடுவில் வகிடு எடுத்தாற்போல் இடைவெளி இருந்தால் அது பெண். கடிப்பது அவள்தான். ஆண் ஈக்கு வகிடு கிடையாது; கண்கள் ஒட்டியிருக்கும், பூவில் தேன் குடித்துவிட்டுப் போகும். சிறகைக் கூரைபோலச் சாய்த்து மடக்கியிருந்தால் ஹேமடோபோட்டா. சிறகில் கறுப்பு முக்காடு போட்டிருந்தால் கிறிசோப்ஸ். தட்டையாக மடக்கிக்கொண்டு ஆளைப்போல ஜம்மென்று உட்கார்ந்திருந்தால் தபானுஸ். இந்த மூன்று பேர்களும் அவளுக்கு மனப்பாடம். கடைசிப் பேரை மட்டும் அவள் நாக்கு தன் இஷ்டத்துக்குத்தான் சொல்லும்.

“தபானுசு.”

“சு இல்ல மங்களம். தபானுஸ். பஸ்ஸைப் பஸ்ஸுங்கிறே, இதையும் கெடுக்கிறே.”

“அதுக்குப் பேரு வெச்சவன் வந்து கேக்கப் போறானா? என் வாய்க்கு அதுதான் வருது.”

இதையெல்லாம் அண்ணிக்கு விளக்கமாகச் சொன்னாள். வகிட்டுக் கதையைக் கேட்டதும் வீரம்மா, “கடிக்கிறது பொம்பளை, தேன் குடிச்சிட்டுச் சும்மா திரியிறது ஆம்பளையா? அப்ப நம்ம லயத்து ஜாதிதான்” என்று சொல்லி எழுந்தாள். போகிறவள் வாசலில் நின்று, “அந்தப் படம் வெச்சிருக்க டப்பாவை வெளிய வைக்காதே புள்ள. கேமரா வெச்சிருக்கவனை எல்லாம் புடிக்கிறானுங்களாம். ரப்பர் புகைக்கூடத்துல ஜப்பான்காரன் குதிரையைக் கொண்டாந்து கட்டினதுலேர்ந்து சோல்ஜர் நடமாட்டம் அதிகமாயிருக்கு” என்றாள்.

அன்று மத்தியானமே அது நடந்தது.

முதலில் மாடுகள்தான் வந்தன, மேய்ப்பவர் இல்லாமல், தாமாக. பின்னாலேயே வீரம்மா தலைமுடி அவிழ்ந்து ஓடி வந்தாள்.

“மங்களம்! தம்பியைக் கொண்டு போயிட்டானுங்க! சிவலை மாடு குதிரை வேலியோரம் மேயப் போச்சு. இவன் அதும் பின்னாடி வயித்தால ஊர்ந்துக்கிட்டே போயிட்டான், படம் எடுக்க. வேலிக்கு அந்தாண்ட நின்ன சோல்ஜர் பாத்துட்டான். சாயங்காலம் ஈப்போவுக்கு லோரி போவுதாம். அதுல ஏத்தி, அங்கேர்ந்து சயாமுக்கு...”

சயாம் என்ற சொல்லே லயத்தில் போதும். இரயில் பாதை போட என்று சுங்காய் ஊர்ப் பக்கத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

வீரம்மா உள்ளே பாய்ந்து, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து அடுப்பருகே வைத்தாள். “மொதல்ல இதைக் கொளுத்து. வீட்டைச் சோதிக்க வந்தானுங்கன்னா உன்னையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போவானுங்க.”

மங்களம் டப்பாவைத் திறந்தாள். மேலேயே இருந்தது மூணு கோட்டுக்காரி. சிவலையின் திமிலில் உட்கார்ந்து, வெளிறிய கண்ணில் மூன்று கறுப்புக் கோடுகளோடு, யாருக்கும் பயப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு படத்துக்காக அவன் எத்தனை கடி வாங்கியிருப்பான்! படத்தை அடுப்பின் மேல் நீட்டியவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“இதைக் கொளுத்திட்டா அவரு ஈயைத்தான் எடுத்தாருன்னு சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு அண்ணி? எடுத்துக்கிட்டுப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு?”

“நீங்க மாட்டைக் கட்டுங்க. நான் போயிட்டு வாரேன்.”

“மாடு தானா வீட்டுக்கு வரும். தம்பி தானா வருவானா?” என்று சொல்லி வீரம்மா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். “நட. போலாம்.”

*

தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாதான் இப்போது இராணுவ ஆபீஸ். வாசல் காவலாளிக்கு இருவரும் இடுப்பு வளையக் குனிந்தார்கள். அவன் உள்ளே பார்த்துக் கத்த, மொழிபெயர்ப்பாளர் உடையப்பன் வெளியே வந்தார். சிங்கப்பூர்க்காரர். ஜப்பான் மொழியை அவசரமாகப் படித்துத் தேறி இங்கே வந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த கைக்குட்டை.

“அண்ணே, எம் புருசன் பத்துமலை...”

“தெரியும், தெரியும். நான் என்ன செய்யிறது தங்கச்சி? அவனே வாயால ஒத்துக்கிட்டான்லா.”

“என்னத்த ஒத்துக்கிட்டாரு?”

“‘வேலியோரம் என்ன செஞ்சே’ன்னு கேட்டேன். ‘பிக்காட் புடிச்சிக்கிட்டு இருந்தேன்’னான். திருப்பித் திருப்பிக் கேட்டேன். அடிச்சும் கேட்டாங்க. அதே பேச்சு. பிக்காட்னா என்ன? ஆசை காட்டி ஆளை இழுக்குறது. காட்டுல ஒளிஞ்சிருக்கிறவனுங்களுக்கு இங்கேர்ந்து ஆள் இழுக்குறான். நான் அப்படியே சொல்லிட்டேன்.”

அப்போதுதான் மங்களத்துக்கு விளங்கியது. பெண்ணை மயக்குவதற்கும் கூண்டு வைத்துப் புறாவை இழுப்பதற்கும் மலாயில் அதே சொல்தான். கடைத்தெருவில் வம்பு பேசும் பையன்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

“ஐயோ அண்ணே! பிக்காட்னா ஈ! மாட்டைக் கடிக்கிற பெரிய ஈ!”

“ஈன்னா லாலாட். எனக்குச் சொல்லிக் குடுக்காதே. நான் ஸ்கூல்ல மலாய் படிச்சவன்.”

“உங்க ஸ்கூல்ல மாடு இருந்துச்சா?” என்றாள் வீரம்மா. “எங்க ஊருக்கு வந்து கேளுங்கய்யா. தொட்டில் புள்ளைகூட பிக்காட்னு சொல்லும்.”

மங்களம் டப்பாவைத் திறந்து காட்டினாள். உடையப்பன் குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்தார். மற்றொன்றை எடுத்தார். எல்லாம் ஈ. அவர் முகத்தில் இருந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“ஒளறாம இரு” என்று தணிந்த குரலில் சொன்னார். “நீ சொல்றது நிஜமாவே இருக்கட்டும். இப்ப போயி நான் தப்பாச் சொல்லிட்டேன்னு இங்க இருக்கிற சார்ஜன்ட்கிட்ட சொன்னா என் கதி என்ன? போன மாசம் ஒரு வார்த்தை மாறினதுக்கு விட்டான் பாரு ஒரு அறை...” கைக்குட்டை தானாகத் தாடைக்குப் போனது. “எனக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கும்மா.”

அவரைப் பார்க்க மங்களத்துக்குக் கோபம்கூட வரவில்லை. பயம் அவரையும் பிடித்துத்தான் வைத்திருந்தது. ஆனால் லோரி வாசலில் நின்றது. டிரைவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அதற்குள் சத்தம் கேட்டு அந்தச் சார்ஜன்ட்டே வந்துவிட்டான். உடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது முடியும் முன்பே அவன் டப்பாவைத் தட்டிவிட்டான். படங்கள் படியெல்லாம் சிதறின. வீரம்மா மங்களத்தின் தோளைப் பற்றிப் பின்னால் இழுத்தாள். மங்களம் உதறிவிட்டுத் தரையில் உட்கார்ந்து படங்களைப் பொறுக்கத் தொடங்கினாள். சாமி படத்தைப் பொறுக்குவது போல, ஒவ்வொன்றாக.

புகைக்கூடத்துப் பக்கமிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி, தோல் மேலங்கி, குதிரை வாசனை. சார்ஜன்ட் விறைத்து நின்று சலாம் வைத்ததைப் பார்த்தால் அவனைவிடப் பெரியவர் என்று தெரிந்தது. அவர் பூட்சுக்கடியில் ஒரு படம் கிடந்தது. குனிந்து எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“குதிரை டாக்டர்” என்று உடையப்பன் உதடு அசையாமல் சொன்னார்.

மங்களத்துக்கு ஜப்பான் மொழி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இருக்கிற மனிதருக்கோ வாய் திறக்கப் பயம். என்ன சொல்லுவது? அவர் கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். சிவலையின் திமில், தட்டைச் சிறகு, மூன்று கோடு.

“தபானுசு” என்றாள்.

டாக்டர் திரும்பினார்.

“தபானுசு?” என்றார்.

அப்படியே, அவள் சொல்வது போலவே, கடைசியில் ஒரு ‘சு’ வைத்து!

மங்களத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எத்தனை நாள் இந்த ‘சு’வுக்காக வீட்டில் கேலி கேட்டிருக்கிறாள். ஜப்பான்காரன் நாக்குக்கும் அதேதான் வருகிறது! மளமளவென்று படங்களைப் படியில் பரப்பினாள். “தபானுசு. இதுவும் தபானுசு. இது ஹேமடோபோட்டா. இந்தா, முக்காட்டுக்காரி, கிறிசோப்சு.”

“ஓ! குரிசோப்புசு!” டாக்டர் பங்களாப் படியிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். சார்ஜன்ட் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தான்.

பிறகு டாக்டர் மங்கலான ஒரு படத்தை எடுத்து அவள் முன் நீட்டினார். உடையப்பனிடம் ஏதோ கேட்டார்.

“இது எது, எத்தனை கோடுன்னு கேக்கிறாரு” என்ற உடையப்பன், “மூணுன்னு சொல்லித் தொலை, அதுதான் அவருக்குப் புடிச்சிருக்கு” என்று சேர்த்துக்கொண்டார்.

மங்களம் படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மாட்டின் காது ஈயின் தலையை மறைத்திருந்தது. சிறகு தட்டை. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. மூன்று என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் டாக்டர் குதிரைகளைக் காப்பாற்றத்தானே கேட்கிறார்? தப்பாகச் சொல்லி, அது பொய்யென்று நாளைக்குத் தெரிந்தால், மற்றப் படமெல்லாமும் பொய்யாகிவிடாதா?

“தபானுசு, அவ்வளவுதான் தெரியுது. கண்ணு தெரியல. கண்ணைப் பாக்காம எந்த ஜாதின்னு சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க அண்ணே.”

உடையப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. அதில் ஊசி குத்திய ஈக்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் கண்ணும் ஒரே பழுப்பு. எறும்பு தின்றதுபோக மிச்சம். அவர் பெட்டியைக் காட்டினார், தலையை ஆட்டினார். மங்களத்தின் படத்தைத் தொட்டு, கோடுகளின் மேல் விரலை ஓட்டி, வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இராணுவம் எதுவும் இல்லை. சந்தையில் தேடிய பொருள் கிடைத்தவர் சிரிப்பு.

அப்புறம் அவர் நிறையப் பேசினார். உடையப்பனின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

“குதிரைங்க இளைச்சுப் போவுதாம். எந்த ஈன்னு தெரிஞ்சா அது பறக்கிற நேரத்துல குதிரையை வெளிய விடாம கட்டி வெச்சிடலாமாம். இந்தப் படத்தை எடுத்தவன் எங்கேன்னு கேக்கிறாரு.” அவர் சார்ஜன்ட்டைக் கடைக்கண்ணால் பார்த்தார். “இந்த ஈக்கு இங்க என்ன பேருன்னும் கேக்கிறாரு.”

பதிலை மங்களம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குதிரைக்குப் புல் சுமந்து வந்த மலாய்க்காரர் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் மரியாதையாக, “பிக்காட், துவான். பிக்காட்” என்று தாமாகவே சொல்லிப் போனார்.

சார்ஜன்ட் மெல்ல உடையப்பன் பக்கம் திரும்பினான். அந்தச் சொல்லை அவனும் மத்தியானத்திலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறான்? உடையப்பனின் கைக்குட்டை தாடைக்கு ஏறியது.

மங்களம் அவசரமாக, “அண்ணே, எம் புருசன் எந்நேரமும் வாயில வெத்தலையை அடக்கிக்கிட்டுத்தான் பேசுவாரு. அவர் சொன்னது உங்களுக்கு மட்டுமில்ல, யாருக்கும் வெளங்கியிருக்காது. அப்படிச் சொல்லுங்க” என்றாள்.

உடையப்பன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை மங்களம் வெகுநாள் மறக்கவில்லை. பிறகு அவர் ஜப்பான் மொழியில் பேசி, நடுவில் கன்னத்தை உப்பி வெற்றிலை மெல்வது போலவும் செய்து காட்டினார். டாக்டர் சிரித்தார். டாக்டர் சிரித்ததால் சார்ஜன்ட்டும் சிரிக்க வேண்டியதாயிற்று.

*

கழுவாத குதிரை லாயத்துக்குப் பின்னாலிருந்து பத்துமலையைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது, சட்டை கிழிந்திருந்தது; ஆனால் தன் காலால் நடந்து வந்தான். நாளை முதல் குதிரை டாக்டரிடம் வேலை, சயாம் கிடையாது என்று உடையப்பன் சொன்னதை அவன் நம்பாமல் மங்களத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்த பிறகுதான் நம்பினான். குதிரைப் படை முத்திரை போட்ட துணிப்பட்டை ஒன்றை அவன் கையில் கட்டினார்கள். லோரி அவன் இல்லாமலே கிளம்பிப் போயிற்று. அதன் சத்தம் மலை வளைவில் தேய்ந்து மறையும்வரை மூவரும் அசையாமல் நின்றார்கள்.

தோட்டத்துச் சடக்குப் பாதையில் திரும்பி நடந்தபோது வீரம்மாதான் முதலில் பேசினாள். பேசினாள் என்ன, கொட்டித் தீர்த்தாள்.

“வயித்தால ஊர்ந்து போனியே, நீ என்ன உடும்பா? ஈ புடிக்கிறானாம் ஈ! இனிமே என் மாட்டுப் பக்கம் வந்தே, சாணியைக் கரைச்சு மூஞ்சியில ஊத்துவேன்.” சொல்லிக்கொண்டே அவன் கிழிந்த சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு குரல் உடைந்து, “பால் காய்ச்சி எடுத்தாரேன், ரெண்டு பேரும் வீட்டுலயே இருங்க” என்று முன்னால் விடுவிடுவென்று போய்விட்டாள். கண்ணைத் துடைப்பதற்குத்தான் போகிறாள் என்று இருவருக்கும் தெரியும்.

அவள் தலை மறைந்ததும் மங்களம் நின்றுவிட்டாள். வரப்போரமாக அப்படியே உட்கார்ந்தாள். பத்துமலை பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன சொல்லி அவரைத் திருப்பினே?”

“தபானுசுன்னு சொன்னேன்.”

“தபானு...”

“சு” என்றாள் அழுத்தமாக. “அவரும் சுன்னுதான் சொன்னாரு. பெரிய டாக்டரு. இனிமே நீங்களும் அப்படியே சொல்லிப் பழகிக்குங்க, வேலையில கெட்ட பேரு வாங்காதீங்க.”

வீங்கிய கண்ணோடு அவன் சிரித்தான். வலித்தது, ஆனாலும் சிரித்தான். “உதைக்கிறப்பகூட எனக்கு வெளங்கல மங்களம். பிக்காட்டுன்னு சொன்னதுக்கு ஏன் அவ்வளவு கோவம்னு.”

“ஆளை மயக்குறீங்கன்னு நெனச்சுட்டாங்க.”

“ஒருத்தியை மயக்கினேன், அதுவும் அத்தை மகளை. அதுக்கா சயாம்?”

அவன் தோளில் நெற்றியை வைத்து, அன்றைக்கு முதல்தடவையாக நிம்மதியாக அழுதாள். கிழங்குக் கொல்லையில் சாயங்கால வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. எங்கோ சிவலை கத்தியது. அண்ணி அதைத் திட்டும் குரலும் கேட்டது.

அப்போது காதருகே ரீங்காரம். பத்துமலையின் பிடரியில் என்னவோ வந்து உட்கார்ந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “அசையாதே. எதுன்னு பாரு” என்று கிசுகிசுத்தான்.

மங்களம் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

“அடிப்பாவி! எது அது? எத்தனை கோடு?”

உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவள் அதைப் புல்லில் துடைத்தாள்.

“கண்ணைப் பாக்கல மாமா. சொல்ல முடியாது” என்றாள்.